ரக்பி லீக் உலகக் கோப்பை: புதிதாகப் பார்க்க வருகிறவர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "ரக்பி என்றால் மேலோட்டமாகத் தெரியும். 2026இல் ரக்பி லீக் உலகக் கோப்பை நடக்கிறதாமே, அதை ஒழுங்காகப் பின்தொடர என்ன செய்ய வேண்டும்? விதிகள், அணிகள், எதில் பார்ப்பது, எத்தனை மணிக்குப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

அடிப்படைத் தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டி 2026 அக்டோபர் 15 முதல் நவம்பர் 15 வரை. பெரும்பாலான ஆட்டங்கள் ஆஸ்திரேலியாவில். சில நியூசிலாந்திலும் பப்புவா நியூகினியிலும். சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதும் ஆட்டத்தோடு தொடங்கி, பிரிஸ்பேனில் இறுதிப் போட்டியோடு முடிகிறது. ஆண்கள் பிரிவில் 10 அணிகள்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து, சமோவா, டோங்கா, ஃபிஜி, பப்புவா நியூகினி, லெபனான், பிரான்ஸ், குக் தீவுகள். பெண்கள் பிரிவிலும் சக்கர நாற்காலிப் பிரிவிலும் தலா 8 அணிகள்.

அடுத்தது தேடும்போது எல்லோரும் விழும் பள்ளம். "ரக்பி உலகக் கோப்பை" என்று மட்டும் தட்டினால் உங்களுக்குக் கிடைப்பது வேறொரு போட்டி. அது ரக்பி யூனியன், 15 பேர் ஆடுவது. அதன் உலகக் கோப்பை 2027இல், அதுவும் ஆஸ்திரேலியாவிலேயே நடக்கிறது! ஒரே நாடு, கிட்டத்தட்ட அதே மாதங்கள், ஓராண்டு இடைவெளி. டிக்கெட் வாங்குவதாக இருந்தாலும் அட்டவணை பார்ப்பதாக இருந்தாலும் "லீக்" என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அணிகளின் பட்டியலைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவும் அயர்லாந்தும் அதில் இருந்தால் அது இந்த 2026 போட்டி அல்ல.

ஏன் இரண்டு ரக்பி? இந்தக் கதை தெரிந்தால் ஆட்டத்தின் குணமே பிடிபட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமையும் பாதி நாள் வேலை. ஆட்டத்துக்குப் போனால் அந்தக் கூலி போய்விடும். இழந்த கூலியையாவது கிளப்புகள் கொடுக்கட்டுமே என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. பணம் வாங்கி ஆடுவது தகாது என்று ரக்பி சங்கம் மறுத்தது. சங்கத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்குக் கூலி ஒரு கவலையாக இருந்ததில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் பிரிந்துபோய்த் தனிச் சங்கம் தொடங்கின. அதுதான் பின்னாளில் ரக்பி லீக்.

பிரிந்தவர்களுக்கு ஒரு நெருக்கடி. இனி டிக்கெட் வசூலில்தான் பிழைப்பு. பார்க்க வருகிறவருக்கு ஆட்டம் பிடிக்காவிட்டால் கிளப்பை மூட வேண்டியதுதான். அதனால் விதிகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். 1906இல் ஆட்டக்காரர்களை 15இலிருந்து 13 ஆகக் குறைத்தார்கள், மைதானத்தில் ஓட இடம் கிடைத்தது. பந்தோடு ஒருவர் கீழே விழுந்ததும் எல்லோரும் அவர் மேல் குவிந்து கிடக்கும் காட்சியை ஒழித்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் வேகமான, திறந்த ஆட்டம் இப்படி வந்ததுதான்.

சரி, ஆட்டம். விதிப் புத்தகம் படிக்க வேண்டாம். ஒரே ஒரு 'செட்' புரிந்தால் முக்கால்வாசி ஆட்டம் புரிந்த மாதிரி. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஆறு பந்து. இங்கே ஒரு செட்டுக்கு ஆறு டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது. அந்த ஆறுக்குள் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். முடியவில்லையா, பந்து எதிரணிக்குப் போகும்.

கண்முன் ஓட்டிப் பாருங்கள். தன் கோட்டிலிருந்து 15 மீட்டரில் ஒரு அணிக்குப் பந்து கிடைக்கிறது. முதல் ஓட்டம் 8ஆம் எண் சட்டைக்காரர். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. நேராக எதிரணிச் சுவரில் போய் மோதுகிறார். மூன்று பேர் பிடித்துச் சாய்க்கிறார்கள். டேக்கிள் ஒன்று. அவர் எழுந்து, பந்தைக் காலடியில் வைத்து, குதிகாலால் பின்னுக்கு உருட்டுகிறார். இதற்குள் எதிரணியினர் இருவரைத் தவிர எல்லோரும் 10 மீட்டர் பின்னால் ஓடியாக வேண்டும். இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். விழுந்தவர் சட்டென்று எழுந்துவிட்டால் எதிரணிச் சுவர் இன்னும் பின்னால் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும். பிடித்தவர்கள் அவரை இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தி வைத்தால் சுவர் நிதானமாக நின்று தயாராகிவிடும். மொத்த ஆட்டமும் அந்த இரண்டு விநாடிக்கான சண்டைதான். நடுவர் அடிக்கடி கத்துவதும் அதற்காகத்தான்.

உருண்டு வந்த பந்தை 9ஆம் எண், ஹூக்கர், குனிந்து எடுத்துப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறார். இரண்டாவது, மூன்றாவது ஓட்டங்களும் இப்படியே முட்டல்தான். நான்காவதில் பந்து 7ஆம் எண் கைக்கு வருகிறது. அவர்தான் அணியின் மூளை. ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஐந்து டேக்கிள் முடிந்ததும் அரங்கமே குரலை மாற்றும். இனி ஒன்றுதான் பாக்கி, பெரும்பாலும் காலால் உதைப்பார்கள். எதிரணிக் கோட்டுக்கு அருகில் இருந்தால் வானை நோக்கி உதைத்து, ஓரத்தில் ஆடும் விங்கர் எம்பிப் பிடிக்கப் பார்ப்பார். தொலைவில் இருந்தால் எதிரணியின் மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். தன் 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்த பந்து, தரையில் பட்டு, எதிரணியின் 20 மீட்டருக்குள் பக்கக் கோட்டைத் தாண்டினால் அதற்குப் பெயர் '40/20'. உதைத்தவர்களுக்கே பந்து திரும்பிக் கிடைக்கும். அப்படி ஒன்று நடந்தால் வர்ணனையாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். ஏன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

புள்ளிகள் எளிது. கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் டிரை 4, அதன்பின் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கன்வர்ஷன் 2, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதையான பெனால்டி கோல் 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் போட்டு உதைக்கும் டிராப் கோல் 1. நாற்பது நாற்பது நிமிடங்களாக இரண்டு பாதி. நாக் அவுட்டில் சமனானால் கூடுதல் நேரம். அதில் யார் முதலில் புள்ளி எடுத்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதற்குத் தங்கப் புள்ளி என்று பெயர். சட்டை எண்களில் 1, 6, 7, 9 ஆகிய நான்கையும் நினைவில் வையுங்கள். பந்து எங்கே போக வேண்டும் என்று பெரும்பாலும் முடிவு செய்வது இவர்கள்தான். முதல் ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு 7ஆம் எண்ணை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள், நான் பழகியது அப்படித்தான்.

இப்போது ஒரு கசப்பான உண்மை. இதுவரை நடந்த 16 உலகக் கோப்பைகளில் 12ஐ ஆஸ்திரேலியா வென்றிருக்கிறது. கிரேட் பிரிட்டன் மூன்று, நியூசிலாந்து ஒன்று. "அப்படியானால் எதற்குப் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். யார் கோப்பையைத் தூக்குவார்கள் என்பதற்காக மட்டும் பார்த்தால் இந்தப் போட்டி ஏமாற்றும். யார் யாரைக் கவிழ்க்கிறார்கள் என்று பார்த்தால் இதைப் போல இன்னொன்று இல்லை. குறிப்பாகப் பசிபிக் தீவுகளின் அணிகள்.

2022ஐ எடுத்துக்கொள்ளுங்கள். (பெயரில் 2021 உலகக் கோப்பை. பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகியதால் ஓராண்டு தள்ளி இங்கிலாந்தில் நடந்தது.) அக்டோபர் 15, நியூகாசில் நகரின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் தொடக்க ஆட்டம். இங்கிலாந்து 60, சமோவா 6. பெயரளவில் நட்சத்திரங்கள் நிறைந்த சமோவா அணி நொறுங்கிப் போனது. இவர்களுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பலர் டிவியை அணைத்திருப்பார்கள். நவம்பர் 12, லண்டன் எமிரேட்ஸ் அரங்கில் அரையிறுதி. அதே இரண்டு அணிகள். கடைசிக் கட்டத்தில் சமோவா 26-20 என முன்னிலை. இங்கிலாந்தின் ஹெர்பி ஃபார்ன்வொர்த் டிரை போட, கன்வர்ஷனும் விழ, 26-26. கூடுதல் நேரம். சமோவாவின் ஸ்டீபன் கிரைட்டன், அவர் வழக்கமாக டிராப் கோல் உதைப்பவரும் அல்ல, பந்தைத் தரையில் தட்டி உதைத்தார். கம்பங்களுக்கு நடுவே போனது. 27-26. நான்கு வாரங்களுக்கு முன் 54 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அணி, உலகக் கோப்பை இறுதிக்குப் போன முதல் பசிபிக் தீவு நாடானது. இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 30-10 என்று தோற்றார்கள். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இது எப்படி நடக்கிறது? இந்த விளையாட்டில் ஒருவர் பிறந்த நாட்டுக்காகவும் ஆடலாம், பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வழி நாட்டுக்காகவும் ஆடலாம். அதோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல் நிலை நாடுகள், மற்றவை அடுத்த நிலை என்று ஒரு பிரிவு உண்டு. முதல் நிலை நாட்டுக்கு ஆடிய ஒருவர், தகுதி இருந்தால், தன் முன்னோரின் தீவு நாட்டுக்கு மாறலாம். ஒரே போட்டித் தொடருக்குள் மட்டும் மாற முடியாது. சிட்னியிலும் ஆக்லாந்திலும் வளர்ந்த சமோவா, டோங்கா வம்சாவளிப் பையன்கள் ஆஸ்திரேலியாவின் கிளப் போட்டியான என்ஆர்எல்லின் அணிகளில் நிறைந்திருக்கிறார்கள். அவர்களில் யார் எந்தச் சட்டையை எடுக்கப் போகிறார்கள் என்பது போட்டிக்கு முந்தைய மாதங்களின் பெரிய பேச்சு.

2017இல் நியூசிலாந்தின் முக்கிய ஆட்டக்காரரான ஜேசன் டாமலோலோ, போட்டி தொடங்கும் நேரத்தில் டோங்காவுக்கு ஆடப் போகிறேன் என்று அறிவித்தார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஆண்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே முடிவு. பணக் கணக்குப் பார்த்தால் அது நஷ்டம்தான். அந்த ஆண்டே ஹாமில்டனில் டோங்கா 28-22 என்று நியூசிலாந்தைத் தோற்கடித்தது. 2019இல் கிரேட் பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் வீழ்த்தியது. அண்மையில் ஆஸ்திரேலிய அணியில் இருந்த பெய்ன் ஹாஸ் சமோவாவுக்கு வந்திருக்கிறார். ஒரு பெரிய அணி அறிவிக்கும் பட்டியலில் யார் இல்லை என்பதைக் கவனியுங்கள், அவர் பெரும்பாலும் இன்னொரு பட்டியலில் இருப்பார்.

பப்புவா நியூகினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது. அணியின் பெயர் குமுல்ஸ், அவர்கள் மொழியில் சொர்க்கப் பறவை. பெண்கள் அணி ஆர்க்கிட்ஸ். போர்ட் மோர்ஸ்பியில் அவர்கள் ஆடும் நாளில் மைதானத்தின் சத்தத்தைக் கேட்க மட்டுமாவது நேரலையில் பாருங்கள், ஹைலைட்ஸில் அது வராது. 2028இல் அந்த நாட்டிலிருந்து ஒரு அணி என்ஆர்எல்லில் சேரப் போகிறது. அதற்காக ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியிருக்கிறது. விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்றால், பசிபிக்கில் அரசியலும் இந்தப் பந்தோடு சேர்ந்து உருள்கிறது.

ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு உட்காராதீர்கள், பத்து நிமிடம் முன்னதாக உட்காருங்கள். நியூசிலாந்தின் ஹாக்கா பலருக்குத் தெரியும். டோங்காவுக்குச் சிபி டாவ், சமோவாவுக்குச் சிவா டாவ் என்று தனித்தனிப் போர் நடனங்கள் உண்டு. இந்த அணிகள் ஒன்றுக்கொன்று மோதும்போது, ஒருவர் ஆடி முடிக்கும் முன்பே மற்றவர் பதிலுக்குத் தொடங்கிவிடுவார். ஃபிஜி அணி நடனத்துக்குப் பதிலாகத் தோளோடு தோள் சேர்த்துத் தங்கள் மொழியில் ஒரு துதிப்பாடல் பாடும். சில வீரர்கள் கண்ணீரோடுதான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள்.

எதில் பார்ப்பது? ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கப்படுகிறது. போன முறை பிரிட்டனில் ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி மூன்றிலும் சேர்த்து 61 ஆட்டங்களையும் பிபிசி இலவசமாகக் காட்டியது. மற்ற பல இடங்களில் கட்டணச் சேனல்தான். அதனால் ஒரு நாட்டில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு இன்னொரு நாட்டில் சந்தா கட்டிவிடாதீர்கள். போட்டியின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் எந்த நாட்டில் எந்தச் சேனல், எந்தச் செயலி என்ற பட்டியல் வரும். அதில் உங்கள் நாடு எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். இன்னொன்று: ரக்பி லீக்கைக் காட்டும் ஒரு செயலியில் கிளப் ஆட்டங்கள் வருவதால் உலகக் கோப்பையும் அதில் வரும் என்று நினைக்க வேண்டாம். கிளப் போட்டிக்கான உரிமை வேறு, உலகக் கோப்பைக்கான உரிமை வேறு. சந்தா எடுத்த பிறகு தெரிந்தால் மனசு வெறுத்துப்போகும்.

சமூக ஊடகங்களில் "இலவச நேரலை" என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கில் முளைக்கும், அட்டை எண்ணைக் கேட்கும், ஆட்டம் மட்டும் வராது.

நேரலை வாய்க்காவிட்டாலும் வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் யூடியூபில் அதிகாரப்பூர்வ ஹைலைட்ஸ் வருவது வழக்கம். ஆனால் வீடியோவின் தலைப்பிலேயே முடிவைப் போட்டுவிடுவார்கள், முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் தேடல் பக்கம் போகாமல் நேராக அந்தச் சேனலின் பட்டியலுக்குப் போங்கள், அதுவும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. வேலை நேரத்தில் ஆட்டம் என்றால் எழுத்து வடிவ நேரலை கைகொடுக்கும். கிரிக்கெட் போலப் பந்துக்குப் பந்து எழுத முடியாது என்பதால் டிரை, உதை, காயம் ஆகியவற்றைத்தான் எழுதுவார்கள். வானொலி வர்ணனை கிடைத்தால் அதுவே மேல். இந்த ஆட்டம் காதுக்கு நன்றாகப் பொருந்துகிறது: டேக்கிள் எண்ணிக்கையையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போவார்கள், படம் மனதில் வந்துவிடும்.

நேரக் கணக்கில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் நானே பட்டிருக்கிறேன். 2022 அக்டோபர் 30 அன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். நான் பழைய கணக்கிலேயே அலாரம் வைத்து எழுந்து, வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சீக்கிரம் எழுந்தது பரவாயில்லை, தாமதமாக எழுந்திருந்தால் ஒரு பாதி ஆட்டமே போயிருக்கும்.

இந்த முறை சிக்கல் இன்னும் கூடுதல். சிட்னியில் அக்டோபர் முதல் ஞாயிறன்று கோடைகால நேரம் தொடங்கிவிடும். பிரிஸ்பேனில் அந்த வழக்கமே கிடையாது. இரண்டும் கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன, ஆனால் அந்த மாதத்தில் சிட்னி ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நியூசிலாந்து சிட்னியைவிட இரண்டு மணி நேரம் முன்னால். போர்ட் மோர்ஸ்பி பிரிஸ்பேன் நேரத்திலேயே இருக்கும். கிரீன்விச் நேரத்தில் சொன்னால், இரவு 8 மணி ஆட்டம் என்பது ஆக்லாந்தில் நடந்தால் காலை 7, சிட்னியில் நடந்தால் காலை 9, பிரிஸ்பேனிலோ போர்ட் மோர்ஸ்பியிலோ நடந்தால் காலை 10. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு திருப்பம்: அக்டோபர் 25 அன்று அங்கே கடிகாரம் மாறுகிறது. அதாவது போட்டியின் முதல் பத்து நாள் ஒரு கணக்கு, அப்புறம் வேறு கணக்கு. கையால் கணக்குப் போடாமல், அதிகாரப்பூர்வ அட்டவணையை ஒருமுறை கைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். ஆட்டம் நடக்கும் ஊரின் நேரத்தில் பதிந்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

உலகக் கோப்பைக்கு முன்னால் என்ன பார்ப்பது? உலகக் கோப்பையில் ஆடும் முக்கால்வாசிப் பேர் இரண்டு கிளப் போட்டிகளிலிருந்து வருகிறார்கள். ஒன்று ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல், மற்றது இங்கிலாந்தின் சூப்பர் லீக். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என்ஆர்எல். அதன் இறுதி ஆட்டம் வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில், அதாவது உலகக் கோப்பைக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. 2022இல் என்ஆர்எல் கோப்பையை வென்ற பென்ரித் அணியிலிருந்து ஜரோம் லுவாய், பிரையன் டோ, கிரைட்டன் ஆகியோர் நேராகச் சமோவா முகாமுக்குப் போனார்கள். சேர்ந்து பயிற்சி செய்ய நேரமே இல்லை. 60-6க்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால் முதல் வார முடிவுகளை வைத்துத் தீவு அணிகளை எடைபோடாதீர்கள். என்ஆர்எல் இறுதிச் சுற்றுகளை மட்டும் பார்த்தாலே இருபது முகங்கள் பழகிவிடும். நடுவில் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்று மூன்று ஆட்டத் தொடர் ஒன்று உண்டு. மாநிலங்களுக்கிடையே நடப்பதுதான், ஆனால் பல நாடுகளின் ஆட்டத்தைவிடத் தரம் அதிகம்.

அண்மை நிலவரம் வேண்டுமா? 2025 கடைசியில் ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்குப் போய், 2003க்குப் பிறகு முதன்முறையாக நடந்த ஆஷஸ் தொடரை 3-0 என்று வென்றது. கிரிக்கெட்டில் மட்டும்தான் ஆஷஸ் என்று நினைத்தவர்களுக்கு இது செய்தி. அதே நேரத்தில் பசிபிக் சாம்பியன்ஷிப் இறுதியில் நியூசிலாந்து சமோவாவை 36-14 என்று வென்றது. இங்கிலாந்தைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும் நம்பிக்கையை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவுக்குச் சவால் என்றால் நியூசிலாந்து, சமோவா, டோங்கா மூன்றில் ஒன்றிடமிருந்துதான் வரும்.

பெண்கள் பிரிவில் ஆஸ்திரேலியா மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னால். 2022 இறுதியில் நியூசிலாந்தை 54-4 என்று தோற்கடித்தார்கள். வேகமான பாஸ்களுக்காகப் பாருங்கள், முடிவுக்காக அல்ல.

சக்கர நாற்காலிப் பிரிவை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள். பாராலிம்பிக்கில் வரும் சக்கர நாற்காலி ரக்பி வேறு, இது வேறு. இதில் அணிக்கு ஐந்து பேர். ஆண், பெண் சேர்ந்து ஆடலாம். மாற்றுத்திறன் இல்லாதவர்களும் அணிக்கு இரண்டு பேர் வரை களத்தில் இருக்கலாம். பந்து அதே முட்டை வடிவப் பந்து, பாஸ் பின்னோக்கித்தான், ஆறு டேக்கிள் கணக்கும் அப்படியே. ஆளைச் சாய்ப்பதற்குப் பதிலாகத் தோளில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் டேக்கிள். கன்வர்ஷனைக் காலுக்குப் பதில் முஷ்டியால் குத்தி அனுப்புவார்கள். நாற்காலிகள் மோதும் சத்தம் உள்ளரங்கில் இடி மாதிரி கேட்கும். 2022 இறுதி மான்செஸ்டரில் நடந்தது, இங்கிலாந்தும் பிரான்ஸும். அதற்கு முந்தைய இரண்டு கோப்பைகளும் பிரான்ஸிடம். ஆட்டம் முடியும் தறுவாயில் இங்கிலாந்து கேப்டன் டாம் ஹாலிவெல் கோட்டைத் தாண்ட, 28-24. அந்த உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்குக் கிடைத்த ஒரே கோப்பை அதுதான்.

பிரான்ஸ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரக்பியில் உலகக் கோப்பை என்ற எண்ணமே அங்கிருந்துதான் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசு ரக்பி லீக்கைத் தடைசெய்து அதன் சொத்துகளைப் பிடுங்கிக்கொண்டது. போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் 'ரக்பி' என்ற சொல்லையே பயன்படுத்த விடாமல், 'பதின்மூன்று பேர் ஆட்டம்' என்றுதான் அழைக்க வைத்தார்கள். அந்த அடியிலிருந்து எழுந்த பிரெஞ்சுச் சங்கத்தின் தலைவர் போல் பாரியேர் விடாப்பிடியாக நின்று 1954இல் நான்கு நாடுகளோடு முதல் உலகக் கோப்பையை நடத்திக் காட்டினார். ரக்பி யூனியனுக்கு அந்த யோசனை செயலாக மாற 1987 வரை ஆனது. அதே பிரான்ஸ்தான் 2025 உலகக் கோப்பையை நடத்துவதாக ஒப்புக்கொண்டு, 2023இல் பண உத்தரவாதம் இல்லாமல் கைவிரித்தது. அதனால்தான் போட்டி ஓராண்டு தள்ளி ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறது.

பாரியேர் பெயரில் உள்ள கோப்பைக்கும் ஒரு கதை உண்டு. 1970இல் பிராட்ஃபோர்டு நகரில் ஒரு ஹோட்டலில் காட்சிக்கு வைத்திருந்தபோது திருடு போனது. இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். 2026 நவம்பர் 15 அன்று பிரிஸ்பேனில் ஒருவர் அதை உயர்த்தும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

போட்டி தொடங்குவதற்குள் ஒரே ஒரு பழைய ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பலரும் 2022 சமோவா அரையிறுதியைத்தான் சொல்வார்கள். நான் 2017 காலிறுதியைச் சொல்வேன். வெலிங்டனில் நியூசிலாந்தும் ஃபிஜியும். எண்பது நிமிடத்தில் ஒரு டிரைகூட இல்லை. ஃபிஜி 4, நியூசிலாந்து 2, எல்லாமே பெனால்டி உதைகள். டிரையே இல்லாத ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். மேலே சொன்னேனே, விழுந்தவரை அழுத்தி வைக்கும் அந்த இரண்டு விநாடி, அதை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் சொந்த மண்ணில் ஆடும் நியூசிலாந்து திரும்பத் திரும்ப வந்து மோத, ஃபிஜிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் எழுந்து பத்து மீட்டர் பின்னால் ஓடி மறுபடி வரிசையாக நிற்பார்கள்.